மஞ்சள் வட்டத்தில் நின்றவன்

எங்கள் தொழிற்சாலையில் மூன்றாம் எண் பிரஸ்ஸுக்கு முன்னால் ஏதோ ஒரு தடை இருக்கிறது, அதை உடனடியாக அகற்ற வேண்டும் என்று ஒருமுறை எழுத்துமூலமாகப் பரிந்துரை செய்தேன். படம் போட்டு, அம்புக்குறி வைத்து, சிவப்பில் அடிக்கோடிட்டு. அகற்றினால் எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று பின்னிணைப்பு வேறு. அறிக்கையைப் படித்த ஆலைத் தலைவர் என்னைப் பாராட்டினார். கட்டட வேலைகளைக் கவனிக்கும் சிவில் பிரிவிலிருந்து ஓர் ஆளை டேப்போடு அனுப்பவும் செய்தார். அந்தத் தடை நான்தான் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

என் உத்தியோகத்தின் பெயர் ‘பிராசஸ் இம்ப்ரூவ்மென்ட் மேனேஜர்’. செயல்முறைகளை மேம்படுத்துபவன். இதைத் தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் கேட்பவர் முகத்தில் ஒரே மாதிரியான வெறுமைதான் படரும். என் மனைவி சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் விளக்கம் எல்லாவற்றையும்விடத் தெளிவானது: “கம்பெனில மத்தவங்க வேலை செய்வாங்க இல்ல, அத இவரு பாப்பாரு.” இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரகடம் சாலையின் இரண்டு பக்கமும் உள்ள தொழிற்சாலைக் கொட்டகைகளில் பலவற்றில் நின்று பார்த்திருக்கிறேன். நன்றாகப் பார்ப்பவன் என்று எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது.

இப்போதைய கம்பெனியில் கார்க் கதவின் உள்தகடு, இருக்கைக்கு அடியில் வரும் சட்டம் என்று இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் வேலை. அழுத்துவது பிரஸ். வடிவம் கொடுப்பது அதற்குள் பொருத்தியிருக்கும் டை எனப்படும் அச்சு. ஒரு பாகம் முடிந்து வேறு பாகம் அடிக்க வேண்டுமென்றால் டையை மாற்ற வேண்டும். முறுக்குக் குழலில் வில்லையை மாற்றுவது போலத்தான். வில்லையின் எடை ஆறு டன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் பிரஸ்ஸில் டை மாற்றுபவர்கள் நான்கு பேர். நால்வரும் காண்ட்ராக்ட். அவர்களில் மூத்தவர் பென்னலூர்க்காரர். நாற்பத்தேழு வயது, ஒடிசலான உடம்பு, எப்போதும் காதில் ஒரு சாக்பீஸ் துண்டு. மற்றவர்களில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். மீதி இருவர் அண்ணன் தம்பி. அண்ணன் பேசவே மாட்டார், அவருக்கும் சேர்த்துத் தம்பி பேசுவார். தலைக்குமேல் ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து அதை இயக்குபவர் ஓர் இளம்பெண். தண்டலம் பக்கத்தில் பாலிடெக்னிக் படித்தவர். உயரத்தில் இருப்பதால் அவரை எல்லோரும் ‘மாடி வூட்டம்மா’ என்பார்கள்.

அந்த வருடம் எங்களிடம் பாகங்கள் வாங்கும் கார் கம்பெனி, இனி மொத்தமாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. ஒரு நாளில் இரண்டு முறை நடந்த டை மாற்றம் ஐந்து முறை நடக்க வேண்டும். ஒவ்வொன்றும் முப்பது நிமிடத்துக்குள் முடிந்தால்தான் கட்டுப்படியாகும். தங்களிடம் தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு வெளி ஏஜென்சி கடிதம் கொடுத்திருந்தது. மாதக் கடைசியில் நால்வரின் காண்ட்ராக்டும் முடிகிறது. புதுப்பிப்பதா, ஏஜென்சியிடம் கொடுப்பதா?

“இப்ப எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு நீ அளந்து சொல்லு. அத வச்சு முடிவு பண்ணிக்கலாம்” என்றார் ஆலைத் தலைவர்.

விஷயம் ஏற்கெனவே கீழே கசிந்துவிட்டிருந்தது. நான் பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்ததும் பென்னலூர்க்காரர் சொன்னது இது:

“நல்லா அளந்துக்கோங்க சார். எனக்கு நாப்பத்தேழு ஆவுது. இங்கேர்ந்து அனுப்பிட்டா வேற கம்பெனி கேட்டாண்ட போயி நிக்கணும். செக்யூரிட்டியே ‘யார பாக்கணும் பெரியவரே’ன்னு கேப்பான்.”

தம்பிக்காரர் சிரித்தார். “உன்னிய பெரியவரேன்னாவது கேப்பான். எங்கண்ணன இன்னான்னே கேக்க மாட்டான். பதில் வந்தாத்தான கேப்பான்?”

அளக்கும் கலையில் எனக்குப் பயிற்சி உண்டு. எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு கதை சொன்னார்கள். ஜப்பானில் ஒரு பெரியவர் தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் வட்டம் வரைந்து, மேலாளர்களை அதற்குள் நிற்கவைத்துவிட்டுப் போய்விடுவாராம். நாள் முழுக்க நின்று பார்த்தால்தான் வேலையின் உண்மை தெரியும் என்பது தத்துவம். அந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. வட்டத்துக்குள் நிற்கும் மனிதனிடம் ஒரு துறவியின் களை இருப்பதாகப்பட்டது. மூன்றாம் பிரஸ்ஸுக்கு முன்னால், எல்லாம் நன்றாகத் தெரியும்படியான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வட்டம் வரைந்தேன். துப்புரவுப் பணிப்பெண் மறுநாளே துடைத்துவிட்டார். ஆகவே பெயிண்டரைக் கூப்பிட்டு மஞ்சள் பெயிண்டில் வரையச் சொன்னேன். அழியாத வட்டம். விட்டம் மூன்றடி. அப்போது என் இடுப்புக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்று வாரம் நின்றேன். கையில் ஸ்டாப்வாட்ச், அட்டை, கூர்மையாகச் சீவிய பென்சில். டை மாற்றும்போது நான்கு பேரும் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் ஒரு வரைபடத்தில் கோடாக இழுத்தேன். ஆளுக்கு ஒரு நிறம். செய்யும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி, பக்கத்தில் ‘பயனுள்ளது’ அல்லது ‘வீண்’ என்று குறித்தேன். போல்ட் கழற்றுவது, பயனுள்ளது. நடப்பது, வீண். கிரேன் ஹாரன் அடிப்பது, வீண். பேச்சு, வீண். முதல் நாள் முதல் வரிசையிலேயே ‘பேச்சு: நான்கு விநாடி: வீண்’ என்று எழுதியிருக்கிறேன். நான்கு விநாடியைக்கூட விடாமல் பிடித்தவன் என்று என் மீதே எனக்கு மதிப்பு ஏற்பட்ட தருணம் அது.

சராசரி ஐம்பத்திரண்டு நிமிடம் வந்தது.

எனக்கே வருத்தமாக இருந்தது. நான் பார்த்தவரை அந்த நால்வரும் சோம்பேறிகள் இல்லை. ஆனால் அவர்கள் வேலையில் ஏதோ ஒரு இழுபறி இருந்தது. ஒரு போல்ட் வேண்டுமென்றால் சுவரோரம் உள்ள அலமாரிக்கு நடந்து, சரியான நீளம் பார்த்து எடுத்து, திரும்பி நடந்து வந்தார்கள். கிரேன் டையைத் தூக்கிக்கொண்டு நேராக வராமல், கல்யாண ஊர்வலம் போல ஊரைச் சுற்றி வந்தது. அதிலும் ஒருமுறை ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் மணி பார்த்து எழுதிக்கொண்டேயிருந்தேன்.

ஏசி அறையில் உட்கார்ந்து கோடுகளையெல்லாம் ஒரே படத்தில் சேர்த்தபோது அந்த அதிசயம் தெரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று நூற்றுக்கணக்கான கோடுகள் காகிதம் முழுக்க ஓடின. நடுவில் மட்டும் ஒரு சிறிய இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. எல்லாக் கோடுகளும் அங்கே வந்ததும் வளைந்து சுற்றிக்கொண்டு போயின. நதி பாறையைச் சுற்றுவது போல என்று என் அறிக்கையில் எழுதினேன். அழகான உவமை என்று இன்றும் நினைக்கிறேன். படத்தில் பிரஸ் இருந்தது, அலமாரி இருந்தது, தூண் இருந்தது, குப்பைத் தொட்டிகூட இருந்தது. என்னை மட்டும் நான் வரைந்துகொள்ளவில்லை. அளக்கிறவனை யார் படத்தில் போடுவார்கள்?

“இந்த இடத்துல என்ன இருக்கு?” என்று ஆலைத் தலைவர் படத்தில் விரல் வைத்துக் கேட்டார்.

“பழைய மெஷினோட அடித்தளம் ஏதாவது துருத்திக்கிட்டு இருக்கலாம் சார். தொழிலாளர்கள் தங்களை அறியாமலே அதைத் தவிர்க்கிறாங்க.”

“மூணு வாரம் நின்ன, அது என்னன்னு பாக்கலியா?”

“என் கவனம் ஆட்கள் மேல இருந்துச்சு சார்.”

அவர் தலையாட்டினார். சிவில் ஆளை வரவழைத்தார். ஏஜென்சியோடு பேச்சுவார்த்தை ஆரம்பிக்கலாம் என்று மனிதவளத் துறைக்கும் அன்றே சொல்லிவிட்டார்.

சிவில் ஆளோடு நானே கீழே போனேன். அவர் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். மட்டக்கோல் வைத்துப் பார்த்தார். “தர சமமாத்தான் சார் கீது” என்றார். நான் என் வழக்கமான இடத்தில் நின்று வரைபடத்தைப் பிரித்து, தடை இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். டீ நேரம். மாடி வூட்டம்மா ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

“இன்னா சார் தேடுறீங்க? எதனா வுழுந்துட்ச்சா?”

“இங்க ஏதோ தடை இருக்கும்மா. எல்லாரும் அதச் சுத்திக்கிட்டுப் போறாங்க. நீங்ககூட கிரேன நேரா கொண்டுவர மாட்டேங்கிறீங்க.”

அவர் படத்தைப் பார்த்தார். என் ஷூவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டார்.

“சார், அது நீங்கதான்.”

“எது?”

“இந்த ஓட்ட. நீங்க நிக்கிற எடம் சார் அது. ஆள் தலைக்கு மேல லோடு கொண்டுபோவக் கூடாதுன்னு ரூல் கீது இல்ல? நீங்க வட்டத்துல நின்னுக்கினு நகரவே மாட்டீங்க. நான் ஹாரன் அடிச்சி அடிச்சி பாத்துட்டு சுத்திப் போவேன்.”

சிவில் ஆள் டேப்பைச் சுருட்டி உறைக்குள் போட்டார். “அப்ப எனக்கு இங்க வேல இல்ல சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் குனிந்து பார்த்தேன். மஞ்சள் வட்டம். பெயிண்ட் நன்றாகவே ஒட்டியிருந்தது.

அன்று மதியம் மறுபடி டை மாற்ற வேண்டியிருந்தது. கிரேன் கூண்டுக்கு ஏற அனுமதிச் சீட்டு வாங்கி, இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் மாட்டிக்கொண்டு, மாடி வூட்டம்மா பின்னால் ஏணியில் ஏறினேன். ஐம்பத்தோரு வயதில் அந்த ஏணி ஒரு தனி அனுபவம், அதைப் பற்றிப் பேச வேண்டாம். கூண்டில் அவர் இருக்கைக்குப் பின்னால் ஓர் ஆள் ஒண்டிக்கொள்ள இடம் இருந்தது. நான் மேலே இருப்பது கீழே யாருக்கும் தெரியாது. நான் ஏசி அறைக்குத் திரும்பிவிட்டதாக நினைத்திருந்தார்கள். ஸ்டாப்வாட்சைக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன்.

முதலில் கண்ணில் பட்டது, பிரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நால்வரும் வேலையை ஆரம்பித்திருந்தது. அண்ணன்காரர் குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து வந்து வைத்தார். உற்றுப் பார்த்தேன். இட்லித் தட்டுகள். கேன்டீனில் மொத்தமாக இட்லி ஊற்றும் பதினாறு குழித் தட்டு. ஒன்றில் ஒவ்வொரு குழியிலும் ஒரு போல்ட், அதன் நட்டு, அதன் வளையம். வரப்போகிற டைக்கு எந்த மூலையில் எந்த நீளம் வேண்டுமோ அதே வரிசையில். இன்னொன்று காலி. கழற்றப்போகிற போல்ட்டுகளுக்கு.

மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதையெல்லாம் முன்கூட்டியே செய்துவிடு, மெஷின் நின்ற பிறகு செய்ய வேண்டியதை மட்டும் மிச்சம் வை. இந்தப் பாடத்தை நான் இரண்டு நாள் வகுப்பாக எடுப்பேன். தொண்ணூறு ஸ்லைடு. மதியச் சாப்பாடு உண்டு. அந்த இரண்டு நாளும் இரண்டு இட்லித் தட்டுக்குள் அடங்கியிருந்தது.

பிரஸ் நின்றது. பென்னலூர்க்காரர் நடந்து வந்து என் மஞ்சள் வட்டத்துக்குள் நின்றார். அப்போதுதான் புரிந்தது. எல்லாம் நன்றாகத் தெரியும் இடம் என்று நான் தேர்ந்தெடுத்தது, எல்லாம் நன்றாகத் தெரிய வேண்டிய ஆளின் இடம். மூன்று வாரமாக அந்த மனிதர் தன் இடத்தில் நிற்க முடியாமல் ஓரத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்து வேலை செய்திருக்கிறார்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். யாரும் ஓடவில்லை. யாரும் அவசரப்படவில்லை. பக்கத்து பிரஸ்கள் இடித்துக்கொண்டிருக்கும் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது, கூப்பிடவும் இல்லை. அண்ணன் நட்டைத் தளர்த்தும்போதே தம்பியின் உள்ளங்கை அதற்குக் கீழே விரிந்திருந்தது. நட்டு தரையில் விழவே இல்லை. கையிலிருந்து குழிக்கு, குழியிலிருந்து கைக்கு. தட்டு அவர்கள் கூடவே நகர்ந்தது. திருநெல்வேலிக்காரர் எதிர்ப்பக்கத்தில் அதே வேலையைக் கண்ணாடியில் தெரியும் உருவம் போலச் செய்தார். வாயாடித் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பென்னலூர்க்காரர் வட்டத்தில் நின்றபடி ஒரு கையை மேலே தூக்கினார். ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் மட்டும் அசைந்தன. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் மணிக்கட்டும் அதே அளவு அசைந்தது.

பழைய டையின் ஆறு டன்னும் எழுந்தது. ஒரு டம்ளர் காபியை நான் மேசையிலிருந்து எடுத்தால்கூட அதைவிட அதிகம் ஆடும். நேராக, ஊர்வலம் எதுவும் இல்லாமல், அது கூடத்தின் குறுக்கே போனது. பென்னலூர்க்காரர் அதற்கு வழிவிட்டு இரண்டடி விலகியதும் திரும்பி வந்ததும்கூட ஒரு தாளத்தில் இருந்தது. புது டை வந்தது. அடியில் உள்ள இரண்டு துளைகள் இரண்டு ஊசிகளில் உட்கார வேண்டும், இடைவெளி ஒரு தலைமுடி. நால்வரும் நான்கு மூலையில் ஆளுக்கு ஒரு விரலை வைத்தார்கள். தள்ளவில்லை. தொட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பென்னலூர்க்காரர் கண்ணை மூடியிருந்தார் என்று நினைக்கிறேன், மேலேயிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. டை இறங்கி உட்கார்ந்தது. சத்தம் கேட்கவில்லை. நான் ஒண்டியிருந்த கூண்டின் தகட்டில் மெல்லிய ஓர் அதிர்வு மட்டும் வந்து என் முதுகைத் தொட்டது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்த மேடையின் முன்னாலும் அப்படி உட்கார்ந்ததில்லை. இருபத்திரண்டு வருடம் வேலை செய்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவன், வேலையை முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. அதற்கு என்னைக் கீழேயிருந்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது.

முதல் பாகம் வெளியே வந்தது. பிரஸ் மறுபடி இடிக்க ஆரம்பித்தது.

“எவ்ளோ சார் ஆச்சி?” என்று மாடி வூட்டம்மா திரும்பிக் கேட்டார்.

ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். எல்லாம் பூஜ்யம்.

“அமுக்கவே இல்லியா?” அவர் வாயைப் பொத்திக்கொள்ள இந்த முறை துப்பட்டாவைத் தேடவில்லை.

கீழே இறங்கி நேராக நால்வரிடமும் போனேன். என்னைக் கண்டதும் அண்ணன்காரர் இரண்டு தட்டுகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பதினாறு குழித் தட்டை ஒரு மனித முதுகால் மறைக்க முடியாது.

“நான் அளந்த மூணு வாரமும் இது எங்க போச்சு?” என்றேன்.

அண்ணன், நான் கேட்டு முதல்முறையாக, வாய் திறந்தார். “பின்னாடி திருப்புங்க சார்.”

தட்டைத் திருப்பினேன். ஒரு சிவப்புச் சீட்டு. ‘பணியிடத்தில் தேவையற்ற பொருள். அப்புறப்படுத்தவும்.’ கீழே என் கையெழுத்து. போன வருடம் தூய்மை வாரத்தில் கொட்டகை முழுக்கச் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு போனேன், நினைவிருக்கிறது. இட்லித் தட்டைக் கண்டு சிரித்ததும் நினைவிருக்கிறது.

“ஸ்கிராப்பு யார்டுலேர்ந்து திரும்பி எட்த்தாந்தோம்” என்றார் தம்பி. “நீங்க சீட்டு ஒட்டினத உங்க எதிர்லயே எப்டி சார் எடுக்கிறது? மரியாத இல்ல?”

“அதுக்காக அம்பத்திரண்டு நிமிஷமா? உங்க வேலை போயிடும்னு தெரியாதா?”

“தெரியாம என்ன சார்?” என்றார் திருநெல்வேலிக்காரர். “தட்ட எடுத்தா ரூல மீறினம்னு அன்னைக்கே அனுப்புவீய. எடுக்கலன்னா மாசக் கடைசிலதான அனுப்புவீய. ஒரு மாசச் சம்பளம் லாபம்லா.”

நான் எடுத்த எந்தக் கணக்கையும்விட அது சரியான கணக்கு.

மறுநாள் காலை ஆலைத் தலைவரின் அறைக்குப் போனேன்.

“சார், என் ரிப்போர்ட் தப்பு.”

“எவ்வளவு தப்பு?”

“இருபது நிமிஷத்துக்கு மேல இருக்கும். பாதி ஒரு இட்லித் தட்டு. மீதி நான்.”

முழுவதும் சொன்னேன். வட்டத்தில் ஆரம்பித்துச் சிவப்புச் சீட்டு வரை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்ப எத்தனை நிமிஷம் ஆகுது?”

“அதை... அளக்கல சார். பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

“அளக்கறதுக்குத்தானேய்யா உனக்குச் சம்பளம்?” அவர் பெருமூச்சு விட்டார். “அம்பத்திரண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நீ. அத நீ வாயால அழிக்க முடியாது. வியாழக்கிழமை நானே வரேன், கஸ்டமர் பக்கத்துலேர்ந்தும் ஒருத்தர் வருவாரு. முப்பதுக்குள்ள முடிஞ்சா அந்த நாலு பேரு. முடியலன்னா ஏஜென்சி. அதோட பேச்சு நிறுத்திக்கணும்.”

வியாழக்கிழமை பிரஸ் ஷாப் துடைத்து வைத்தது போல இருந்தது. இட்லித் தட்டுகளிலிருந்து சிவப்புச் சீட்டை நானே சுரண்டி எடுத்திருந்தேன். நால்வரும் சலவைச் சீருடையில் நின்றார்கள். பென்னலூர்க்காரர் காதில் புது சாக்பீஸ்.

ஆலைத் தலைவர் வந்தார். கூடவே கஸ்டமரின் ஆள். இருவருக்கும் நாற்காலி போட்டிருந்த இடம் தூணுக்கு அந்தப் பக்கம். ஆலைத் தலைவர் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. சுற்றும்முற்றும் பார்த்தார். எல்லாம் நன்றாகத் தெரியும் இடம் எது என்று அவருக்கும் ஒரு கண் இருக்கிறது. நேராக நடந்து போய் மஞ்சள் வட்டத்துக்குள் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிரஸ்ஸில் கடைசிப் பாகங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு நிமிடம் இருக்கும். பென்னலூர்க்காரர் என்னைப் பார்த்தார். மற்ற மூவரும் பார்த்தார்கள். மேலே கண்ணாடிக் கூண்டிலிருந்தும் ஒரு முகம் பார்த்தது. தம்பி, யாருக்கும் தெரியாமல், ஒரு விரலால் காற்றில் சின்னதாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். சத்தத்தில் பேச முடியாத அந்த இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வட்டம் என்பது யாருடைய பெயர் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எனக்கு மகளின் கல்லூரிப் படிப்பு பாக்கி இருக்கிறது. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. நான் ஆலைத் தலைவரின் காதருகே போனேன்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“ஏன், இங்கேர்ந்துதான் நல்லாத் தெரியுது.”

“ஆமா சார். அதனாலதான்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு காலடியில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார். மனிதர் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பென்னலூர்க்காரர் வந்து வட்டத்தில் நின்றார். பிரஸ் நின்றது. நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அழுத்தியதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

இந்த முறை கீழேயிருந்து பார்த்தேன். மேலேயிருந்து பார்த்ததில் பாதிகூடத் தெரியவில்லை. ஆனாலும் அதே பிரமிப்பு வந்தது. கஸ்டமரின் ஆள் கைப்பேசியை எடுத்தவர் அதை மறந்து கையிலேயே வைத்திருந்தார். இருபத்து நான்காவது நிமிடத்தில் புது டையில் முதல் பாகம் வந்தது. பென்னலூர்க்காரர் அதன் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார். சரியில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஓரத்தில் பிசிர். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். அவர் பதறவில்லை. காதிலிருந்து சாக்பீஸை எடுத்து டையின் ஒரு மூலையில் சின்னக் கோடு போட்டார். அண்ணன் அந்த மூலையில் மட்டும் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி போல்ட்டை மறுபடி இறுக்கினார். இரண்டாவது பாகம் வந்தது. கட்டை விரல் ஓடியது. அதை எடுத்துக்கொண்டு போய் ஆலைத் தலைவரின் கையில் கொடுத்தார்.

இருபத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடி.

ஆலைத் தலைவர் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த இட்லித் தட்டு ஆடிட்ல வந்தா?” என்று கேட்டார்.

“‘போல்ட் வரிசைத் தட்டு’ன்னு பதிவு பண்ணியாச்சு சார். நம்பர் கொடுத்தாச்சு.”

“சிவில்காரன் இன்னும் ரிப்போர்ட் கொடுக்கலியே, தடை என்னாச்சுன்னு?”

“தானாவே நகர்ந்துட்டதா எழுதிக்கலாம் சார்.”

சாயங்காலமே ஏஜென்சிக்கு ‘நன்றி, தேவைப்படவில்லை’ என்று கடிதம் போனது. நால்வருக்கும் இன்னொரு வருடம். அதுவும் காண்ட்ராக்ட்தான். நிரந்தரம் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் பெயிண்டுக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றோம். கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை. நான் உணர்ச்சிவசப்பட்டிருந்தேன். மேலேயிருந்து பார்த்தது என்னவென்று அவர்களுக்குச் சொல்ல முயன்றேன். அந்த விரல்கள், அந்த அமைதி, தரையைத் தொடாத நட்டுகள். அவர்கள் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்கே தெரியாது என்றேன். இதில் என் குற்றத்தையும் ஒப்புக்கொண்டேன். கடைசியில், கொஞ்சம் தழுதழுத்த குரலிலேயே, பென்னலூர்க்காரரிடம் கேட்டேன்:

“எல்லாம் சரி. நான் அங்க நின்னு உங்க வேலையவே கெடுக்கிறேன்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார்.

“சொன்னனே சார். மொத நாளே, ‘சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ன்னு சொன்னேன். நீங்க வாட்ச்ச பாத்து, நாலு செகண்டுன்னு எழுதிக்கினீங்க.”